வடியும் நேரம்

கண்ணைத் தொட்டோமா, தொடவில்லையா? இந்தக் கேள்வி உச்சிமாகாளிக்குள் புகுந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பத்திரண்டு. குழாயைப் பூட்டி, கிளாம்பைத் திறந்துவிட்டு, மனைவி பூரணத்தின் வயிற்றுக்குள்ளிருந்து பழைய நீர் தரையில் கிடந்த காலிப் பைக்குள் இறங்கத் தொடங்கி இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். இன்னும் இருபது நிமிஷம் அது வடிய வேண்டும். வடிந்ததும், மேலே ஸ்டாண்டில் தொங்குகிற புதுப் பையிலிருந்து இரண்டு லிட்டர் மருந்துநீரை வயிற்றுக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றி, குழாயைக் கழற்றி, மூடி போட்டுவிட்டால் பரீட்சை முடிந்தது. பெனிட்டா சிஸ்டர் தாளில் கையெழுத்துப் போடுவாள். பத்தொன்பது நாளாக இந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிற பூரணம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊருக்குக் கிளம்பலாம். அவளுக்குக் கிட்னி இரண்டும் போய் மூன்று வருஷம். வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி வந்து, கையில் ஊசி குத்தி, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்பியதெல்லாம் பழைய கதை; குத்துவதற்கு இனி உருப்படியான நரம்பு ஒன்றுகூட இல்லையென்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருப்பது வயிறு. அதில் ஒரு குழாயை வைத்து, அதன் வழியாக நீரை ஏற்றி இறக்கி, தினமும் நான்கு வேளை, வீட்டிலேயே, புருஷன் கையாலேயே டயாலிசிஸ். அதற்குத்தான் இந்த ஐந்து நாள் படிப்பு. கை சுத்தம் ஒன்றுதான் இதில் உயிர்நாடி. கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்று விரலிலிருந்து குழாய் நுனிக்குத் தாவி உள்ளே போய்விட்டால் வயிற்றில் சீழ் பிடிக்கும். சீழ் முற்றினால் குழாயை எடுத்தாக வேண்டும். குழாயை எடுத்துவிட்டால் அப்புறம் எதுவும் மிச்சமில்லை. இதையெல்லாம் நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்தான் இப்போது முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணைத் தொட்டோமா தொடவில்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வலது கண்ணின் மேலிமையில் ஒரு குளிர்ச்சி. அதுதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. கை கழுவிய பிறகு தடவுகிற ஸ்பிரிட்டின் குளிர்ச்சி அது. ஜில்லென்று தொடங்கி மெல்ல எரிகிற குளிர்ச்சி. ஸ்பிரிட் கைக்குப் போடுவது, கண்ணுக்கு எப்படிப் போகும்? வியர்வையாக இருக்கலாம். அறையில் ஜன்னல் சாத்தியிருக்கிறது, தூசி பறக்குமென்று ஃபேனும் நிறுத்தியாயிற்று, போதாக்குறைக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மாஸ்க். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி இமையில் தங்கியிருக்கும். வியர்வை எரியும், அது சரி. குளிருமா? காற்றுப் பட்டால் குளிரும். காற்று எங்கே இருக்கிறது இந்த அறையில்? அவர் மறுபடி முதலிலிருந்து நடந்து பார்த்தார். சோப்புப் போட்டு இரண்டு நிமிஷம் கழுவியது ஞாபகம் இருக்கிறது. தண்ணீர்க் குழாயை முழங்கையால் மூடியது இருக்கிறது. சிஸ்டர் அதற்குத் தலையாட்டியதும் இருக்கிறது. ஸ்பிரிட்டை விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் காய விட்டது, முக்காலியில் வந்து உட்கார்ந்தது, எல்லாம் இருக்கிறது. அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். சிஸ்டர் திரும்பி, கதவுக் கண்ணாடி வழியாக இப்போது வரக் கூடாது என்று கையைக் காட்டினாள். அவள் மறுபடி இந்தப் பக்கம் திரும்பும்போது உச்சிமாகாளியின் இடது கையில் குழாயும் வலது கையில் கழற்றிய மூடியும் இருந்தன. நடுவில் ஒரு மூச்சு நேரம். அந்த மூச்சு நேரத்தில் தன் கைகள் எங்கே இருந்தன என்று அவருக்குத் தெரியவில்லை. அறுபத்தோரு வருஷமாகக் கூடவே இருக்கிற கைகள். கேட்டால் ஒன்றும் தெரியாத மாதிரி மடியில் கிடக்கின்றன.

முதல் நாள் அந்தத் தாளைப் பார்த்தபோதே ஓடிவிடலாம் போலிருந்தது. இருபத்தாறு படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், படத்தில் இருக்கிற ஆள் ஏனோ சிரித்துக்கொண்டே இருக்கிறான். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டடித்து, படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று லாரியில் கிளீனராக ஏறிய மனுஷர். ஏழாவது படியைப் படிக்கும்போது மூன்றாவது மறந்தது. மூன்றாவதைப் பிடித்தால் பதினொன்று நழுவியது. இரண்டாம் நாள் மத்தியானம் கேன்டீனில் இட்லியைப் பிசைந்துகொண்டே இருந்தபோது சட்டென்று ஒரு வழி அகப்பட்டது. முப்பத்தொரு வருஷம் ஓட்டிய ரூட்டு, திருநெல்வேலியிலிருந்து பாபநாசம். அதில் எந்த வளைவில் எந்தக் கடை, எந்த நிறுத்தத்தில் எந்தக் கிழவி முட்டையோடு ஏறுவாள் என்பதுவரை தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். படிகளை எடுத்து ரூட்டில் வரிசையாக இறக்கிவிட்டார். ஜன்னல் சாத்துவது, மேஜை துடைப்பது, பையில் தேதி பார்ப்பது, ஓட்டை இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பது, இதெல்லாம் டெப்போவில் வண்டி எடுக்குமுன் பார்க்கிற வேலை: டயரைத் தட்டுவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர், ஆயில் அளவு, ஹாரன். கை கழுவிவிட்டு உட்கார்ந்தால் டிரைவர் சீட். மூடியைக் கழற்றிக் குழாயைப் பூட்டினால் வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிவிட்டது. பேட்டையில் கிளாம்பைத் திறக்க வேண்டும். பத்தமடை வரைக்கும் வடியும். சேரன்மகாதேவியில் மூட வேண்டும். வீரவநல்லூரில் மேல் பையின் சீலை உடைத்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணிக் குழாயைக் கழுவி விட வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் ஏற்றம். பாபநாசத்தில் புது மூடி. நோட்டைப் பார்த்த பெனிட்டா சிஸ்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்பா, இதென்ன, டிக்கெட்டும் கிழிப்பீங்களா?" என்றாள். மூன்றாம் நாள் காலையில் இருபத்தாறையும் போகிற ட்ரிப்பாகவும் திரும்புகிற ட்ரிப்பாகவும் அவர் ஒப்பித்தபோது சிரிக்கவில்லை. டாக்டரைக் கூட்டிவந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாத்தியார் அவரை முன்னால் நிறுத்திப் பெருமையாகக் காட்டியது அன்றைக்குத்தான். வெட்கமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

அந்த ரூட்டுதான் இப்போது வினையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வார்? சாவியைத் திருகுமுன் என்ன செய்வார்? எந்த டிரைவரும் செய்வதுதான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தொட்டு, தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். முப்பத்தொரு வருஷம், ஒவ்வொரு நாளும், முதல் ட்ரிப் எடுக்கும்போது. செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் செய்வது. கல்யாணமான புதிதில் பூரணம் ஒரு நாள் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள்; மாமன் மகள்தான், சின்ன வயசிலேயே வாய் நீளம். இறங்கும்போது, "வண்டிக்கு மட்டும் கும்பிடு போடுதியளே அத்தான், நானுந்தான் காலையில எந்திரிச்சு ஒங்களுக்காக உழைக்கேன், எனக்கு ஒண்ணு போடக் கூடாதா?" என்று கேட்டாள். எந்தக் கும்பிடு என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அப்படிப்பட்ட பழக்கம். நோட்டில் இருபத்தாறு படியும் இருக்கிறது, ரூட்டில் எல்லா நிறுத்தமும் இருக்கிறது, இது மட்டும் எதிலும் இல்லை, ஏனென்றால் இது ஒரு படியென்று எவனும் நினைப்பதில்லை. நான்கு நாளாகப் பொம்மை வயிற்றில் பழகும்போது வரவில்லை. பொம்மைக்கு எதற்குச் சாமி? இன்றைக்கு முன்னால் கிடப்பது பூரணம். பயத்தில் கை தானாகப் போயிருக்கும். போயிருக்கும் என்பதற்கு என்ன சாட்சி, ஒரு குளிர்ச்சி. அதுவும் இப்போது இல்லை. யோசிக்க யோசிக்கக் காய்ந்துபோய்விட்டது. இப்போது இமை சாதாரண இமையாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஸ்பிரிட்டே இல்லையா, அல்லது ஸ்பிரிட் என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம் காய்ந்ததா? பத்து நாற்பத்தொன்பது. தரையில் பை பாதி நிறைந்து வயிறு புடைத்துக் கிடக்கிறது.

இப்போது ஒன்றும் கெட்டுவிடவில்லை, அது தெரியும். முதல் நாளே சிஸ்டர் சொன்னாள், அதையும் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார். "தண்ணி வெளிய வர்ற வரைக்கும் பயமில்லப்பா. சந்தேகம்னா அப்பவே சொல்லிருங்க, நுனிக்குழாய மாத்திட்டாப் போதும். உள்ள ஏத்தின பெறகு சொன்னா மருந்து, ஊசி. சொல்லாமலே விட்டீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது." ஆகக் கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால் எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தலாம். நிறுத்தினால் பரீட்சையில் தோல்வி, இன்னும் ஐந்து நாள். இந்த வார்டில் இன்னும் ஐந்து நாள் என்று சொன்னால் பூரணம் என்ன ஆவாள்? காலை ஆறு மணிக்கே சேலைகளை மடித்துக் கூடையில் வைத்துவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை மூடி, தூங்குகிறாளா என்னவோ, மாஸ்க் மட்டும் மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வருகிறது. ஒன்றும் நடக்காமலும் போகலாம். தொட்டிருந்தாலும் கிருமி இருந்திருக்க வேண்டும், இருந்தாலும் நுனியில் பட்டிருக்க வேண்டும், பட்டாலும் உள்ளே போய் வேர்விட வேண்டும். அவ்வளவு சுலபமா? இப்படித்தான் ஒரு தடவை சேரன்மகாதேவி ஆற்றுப் பாலத்தில் இறங்கும்போது பிரேக் ஒரு நொடி கீழே போய்விட்டுத் திரும்பி வந்தது. ஒரே நொடி. பிடித்ததா, பிடிக்கவில்லையா, தன் கால்தான் சரியாகப் பதியவில்லையா? அன்றைக்குக் கடைசி ட்ரிப். டெப்போவில் எழுதிக்கொடுத்தால் மெக்கானிக் வந்து, சோதித்து, மறுபடி ஓட்டிக்காட்டி, வீட்டுக்குப் போக இரண்டு மணி நேரம் பிந்தும். எழுதவில்லை. மறுநாள் விடியற்காலை அந்த வண்டியை வேறொருவர் எடுத்துக்கொண்டு போனார். ஐம்பது அறுபது பேர் ஏறியிருப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த வண்டி அதற்குப் பிறகும் நாலு வருஷம் ஓடி, நல்லபடியாகக் கழிவுக்குப் போனது. விபத்து ஏதாவது ஆகியிருந்தால் அவர் அதை ஆயுசுக்கும் நினைத்து அழுதிருப்பார், திருந்தியும் இருப்பார். ஒன்றும் ஆகாததால் அது அப்படியே, சொன்னதுமில்லை சொல்லாததுமில்லை என்கிற மாதிரி, உள்ளே ஒரு மூலையில் கிடக்கிறது. எப்போதாவது பாலத்தில் பயணியாகப் போகும்போது வலது கால் தானாகத் தரையை அமுக்கும்.

"தெளிவா வருதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே பெனிட்டா சிஸ்டர் குனிந்தாள். நீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை இருக்கிறது: பைக்கு அடியில் செய்தித்தாளைச் செருகி, நீர் வழியாக எழுத்தை வாசிக்க முடிகிறதா என்று பார்ப்பது. வாசிக்க முடிந்தால் சீழ் இல்லை. அவள் தாளைச் செருகினாள். உச்சிமாகாளி நீரின் ஊடாகப் பார்த்தார். கறவை மாடு விற்பனைக்கு, இரண்டாம் ஈற்று, சாது, என்று இருந்தது. கீழே போன் நம்பர்கூடத் தெரிந்தது. "நல்லா தெரியுதும்மா," என்றார். சிஸ்டர் தன் தாளில் ஒரு டிக் அடித்தாள். இது இதற்கு முந்திய வேளை ஏற்றிய நீர், இதற்கு முந்திய வேளை சிஸ்டரின் கை; தெளிவாகத்தான் இருக்கும். இவருடைய கையின் லட்சணம் நாளை மறுநாள்தான் தெரியும், அப்போது பைக்கு அடியில் எந்த மாடும் தெரியாது. சிஸ்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாகர்கோவில் பக்கம். மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. "இந்த வருஷத்துல அஞ்சே நாள்ல முடிக்கிற மொத ஆள் நீங்கதாம்ப்பா. போன மாசம் ஒரு காலேஜ் வாத்தியாருக்குப் பதினாலு நாள் எடுத்துச்சு, தெரியுமா?" இப்போது சொல்லியிருக்கலாம். வாய் மாஸ்க்குக்குள் திறந்தது. காலேஜ் வாத்தியாருக்குப் பதினாலு நாள். அந்த வார்த்தை நாக்கில் கல்கண்டு மாதிரி கிடந்தது, அதைத் துப்ப மனசு வரவில்லை. பூரணத்துக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறோம் என்று இவ்வளவு நேரம் ஒரு நியாயம் இருந்தது. இப்போது அதற்குள் கையை விட்டுப் பார்த்தால் அடியில் இதுவும் இருக்கிறது. பாஸாக வேண்டும். எட்டாம் வகுப்பு முத்தையா சார் செத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, அவர் கண்ணு முன்னாடி பாஸாக வேண்டும். அசிங்கமாக இருந்தது. அசிங்கமாக இருந்தாலும் வாய் மூடிக்கொண்டது. சரி, ஒருவேளை தொடவே இல்லையென்றால்? தொடாததைத் தொட்டேன் என்று சொல்லி ஒருத்தியை ஐந்து நாள் இங்கே கிடத்துவது மட்டும் நியாயமா? இப்படியும் ஒரு கேள்வி இருக்கிறதே. அது நல்ல கேள்வியாகத்தான் தோன்றியது. பத்து ஐம்பத்தேழு வரைக்கும் அவர் அந்தக் கேள்வியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, வேறொன்றும் இல்லை, குழாயைப் பார்த்தார். நீர் இப்போது ஓடவில்லை, விட்டு விட்டு நகர்ந்தது. பூரணத்தின் அடிவயிறு ஒட்டிப்போய், குழாய் புறப்படுகிற இடத்தில் தோல் சுருங்கி, பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டிய தடம். அந்த வயிற்றுக்குத் தெரியாது இவர் எட்டாம் வகுப்பு பெயில் என்று. எதை ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும். இனிமேல் தினமும் நான்கு வேளை வாங்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நான்கு மூச்சு நேரம், நான்கு தடவை கை எங்கே இருந்தது என்ற கேள்வி, கேட்க ஒரு சிஸ்டரும் இல்லாமல்.

"பதினொண்ணு ரெண்டு," என்றாள் சிஸ்டர். "வடிஞ்சாச்சு. அடுத்து என்னப்பா?"

"சேர்மாதேவி," என்று சொல்லி உச்சிமாகாளி கிளாம்பை மூடினார். வீரவநல்லூருக்காகக் கை மேல் பையின் சீலுக்குப் போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடித்தன. மடக்கினால் உடைந்துவிடும். அவர் மடக்கவில்லை.

"சிஸ்டர்."

"சொல்லுங்க."

"கை கழுவுன பொறவு நான் கண்ணைத் தொட்டிருப்பேன்னு நெனைக்கேன்."

பெனிட்டா சிஸ்டர் பேனாவை மூடினாள். "தொட்டீங்களா, தொட்டிருப்பீங்களா?"

"தெரியலம்மா. கதவத் தட்டுனாங்கள்லா, அப்ப."

"நான் பாத்தப்ப சரியாத்தானே இருந்தீங்க..." அவள் முகத்தில் என்ன ஓடியது என்று மாஸ்க்கால் தெரியவில்லை. தாளைப் பார்த்தாள். அதில் இருபது டிக் வரிசையாக இருந்தது. இந்த ஆளுக்குக் கடைசி நேரத்துப் பதற்றம் என்று அவள் நினைத்திருக்கலாம். பரவாயில்லை, மேலே செய்யுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று உச்சிமாகாளியும் ஒரு நொடி ஆசைப்பட்டார்.

"தொட்டாவ," என்று கட்டிலிலிருந்து பூரணம் சொன்னாள். சுவர்ப்பக்கமிருந்து திரும்பியிருந்தாள். கண் நன்றாக விழித்திருந்தது. "ரெண்டு கையாலயும். பையத் தொட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டு, அப்புறமா மூடியக் கழத்துனாவ."

சிஸ்டர் உடனே அவர் கையைச் சீலிலிருந்து எடுக்கச் சொன்னாள். குழாயில் இன்னொரு கிளாம்பைப் போட்டு இறுக்கினாள். திட்டவில்லை. "ஏத்தலைல்லா, ஒண்ணும் ஆகாது. நுனிக்குழாய மாத்திறலாம். பரீட்சைய அப்புறம் பேசிக்கலாம்," என்றாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். "ஏம்மா, பாத்துக்கிட்டா இருபது நிமிஷமா சும்மா படுத்துருந்தீங்க?"

"சொன்னா இன்னைக்கு அனுப்ப மாட்டியளே."

சிஸ்டர் தாளை மேஜையில் வைத்து, "அப்பா, நான் புதுக் குழாய் எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க, அம்மாவையும்," என்றுவிட்டு வெளியே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவர் முக்காலியிலிருந்து எழுந்து நின்றார். "பூரணம்," என்றார். "சீழ் வச்சிருந்தா?"

"எனக்கு வீட்டுக்குப் போணும் அத்தான்," என்றாள் பூரணம். மேலே தொங்குகிற நிறைபையைப் பார்த்தாள். அப்புறம், மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற குரலில், "நீங்க சொல்லாம இருந்திருந்தா நானும் சொல்லிருக்க மாட்டேன்," என்றாள்.

உச்சிமாகாளி ஓரடி கட்டிலை நெருங்கினார். கட்டிலின் கம்பி ஒரு சாண் தூரத்தில் இருந்தது, அவள் கை அதைவிடப் பக்கத்தில் இருந்தது. எதையும் பிடிக்கக் கூடாது என்பதால், சிஸ்டர் வருகிறவரை இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.